பிணைப்பா, பிழையா? மரபு விகிதங்களை எண்ணிச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் பிளஸ் டூ உயிரியல் நடத்துகிறவர்கள், வேளாண்மையும் தாவரவியலும் படிக்கிறவர்கள், நெல்லில் கலப்புச் செய்து பார்க்கிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கால்குலேட்டர் ஒன்று போதும். எந்த எண் உண்மையான ஆய்வில் கிடைத்தது, எது கணக்குக்காக வைத்துக்கொண்டது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

பிணைப்பு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் இரண்டு மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். இனச்செல்கள் உருவாகும் குன்றல் பிரிவில் ஒத்த குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கேற்றம். அந்த மாற்றம் இரண்டு மரபணுக்களுக்கும் நடுவில் விழுந்தால் பழைய சேர்க்கை உடைந்து புதியது வரும். இடைவெளி கூடக் கூட நடுவில் விழும் வாய்ப்பும் கூடும். எனவே புதுச் சேர்க்கைகளை எண்ணியே தூரத்தை அளந்துவிடலாம். பழ ஈயை ஆராய்ந்த மார்கனின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த ஸ்டர்டிவன்ட் 1913-இல் பழ ஈயின் முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டது இப்படித்தான்.

மெண்டல் ஏன் இதைக் காணவில்லை? ஏழு பண்பும் ஏழு குரோமோசோமில் இருந்ததாலா?

பல ஊர்களில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியில்லை. பட்டாணியில் ஏழு ஜோடிக் குரோமோசோம்கள் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஏழு பண்புகளில் சில ஒரே குரோமோசோமில்தான் இருக்கின்றன. அவற்றில் பல ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால், தனித்தனிக் குரோமோசோமில் உள்ளவை போலவே நடந்துகொள்கின்றன. ஒரே குரோமோசோமில் இருப்பதும் பிணைந்திருப்பதும் வேறு வேறு.

கை வர்க்கச் சோதனையை (chi-square, எண்ணியது எதிர்பார்த்த விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது) ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.

மெண்டலின் எண்களையே எடுத்துக்கொள்வோம். இருபண்புக் கலப்பின் எஃப்2-இல் (கலப்பில் பிறந்த முதல் தலைமுறையான எஃப்1 தன்மகரந்தத்தில் தரும் இரண்டாம் தலைமுறை) 556 விதைகள்:

உருண்டை, மஞ்சள்: 315
உருண்டை, பச்சை: 108
சுருங்கியது, மஞ்சள்: 101
சுருங்கியது, பச்சை: 32

எதிர்பார்க்கும் விகிதம் 9:3:3:1. மொத்தத்தை 16-ஆல் வகுத்தால் 34.75. ஆக எதிர்பார்க்கும் எண்கள் 312.75, 104.25, 104.25, 34.75. இவற்றை முழு எண்ணாக்க வேண்டாம். கால் விதை கிடையாதே என்று சிலர் 313, 104 என்று எழுதுகிறார்கள். எதிர்பார்ப்பு என்பது சராசரி, அதில் பின்னம் இருக்கலாம்.

ஒவ்வொரு வகைக்கும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுக்கவும். 0.016, 0.135, 0.101, 0.218. கூட்டினால் 0.470. நான்கு வகைகள் இருப்பதால் கட்டின்மைக் கூறு (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3. அட்டவணையில் 5 சதவீத மட்டத்துக்கு (தற்செயலால் மட்டும் 100-க்கு 5 முறை தாண்டும் எல்லை) எதிரே இருப்பது 7.815. நமக்கு வந்தது அதைவிட மிகக் குறைவு, ஆகவே 9:3:3:1 என்ற கருதுகோளைத் தள்ளிவிடக் காரணம் இல்லை.

கைவசம் வைத்திருக்க வேண்டிய எல்லை எண்கள், 5 சதவீதத்துக்கு: கட்டின்மைக் கூறு 1 என்றால் 3.841, 2 என்றால் 5.991, 3 என்றால் 7.815. 1 சதவீதத்துக்கு 6.635, 9.210, 11.345.

"கருதுகோள் நிரூபணமானது" என்று எழுதலாமா?

கூடாது. இந்தத் தரவு அதை மறுக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். 20 செடியை வைத்துக்கொண்டு சோதித்தால் 3:1-உம் பொருந்தும், 9:7-உம் பொருந்தும், 2:1-உம் பொருந்தும். எல்லாமே நிரூபணமாகிவிடுமா என்ன?

சதவீதமாக மாற்றிக்கொண்டு கணக்குப் போடலாமா?

ஒருபோதும் கூடாது. 14:6, 70:30, 700:300 மூன்றும் ஒரே சதவீதம்தான். 3:1-க்கு எதிராகச் சோதித்தால் முறையே 0.27, 1.33, 13.33 வருகிறது. முதல் இரண்டும் தேறும், மூன்றாவது தேறாது. எத்தனை எண்ணினோம் என்பதுதான் சோதனையின் பலம். சதவீதமாக்கினால் அந்தத் தகவல் போய்விடுகிறது. எடையையும் உயரத்தையும் இந்தச் சூத்திரத்தில் போடுவதும் இதே ரகத் தவறு. இங்கே எண்ணிக்கைக்கு மட்டுமே இடம்.

கை வர்க்கம் எல்லையைத் தாண்டிவிட்டது. பிணைப்பு என்று எழுதிவிடலாமா?

இந்தக் கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான். ஆய்வேடுகளில் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். கை வர்க்கம் பெரிதாக வந்தால் 9:3:3:1 பொருந்தவில்லை என்று மட்டும் தெரியும். ஏன் பொருந்தவில்லை என்று அது சொல்லாது. பிணைப்பு இருக்கலாம். ஒரு பண்பு மட்டும் 3:1-இல் இருந்து நழுவியிருக்கலாம். பலவீனமான நாற்று செத்திருக்கலாம். வகை பிரித்தவர் கண் தவறியிருக்கலாம்.

மூன்று கட்டின்மைக் கூறையும் மூன்றாகப் பிரித்தால் விடை வெளியே வரும். நான்கு வகைகளின் எண்ணிக்கையை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். அ இரண்டு பண்பிலும் ஓங்கியது (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் வகை), ஆ முதல் பண்பில் மட்டும் ஓங்கியது, இ இரண்டாம் பண்பில் மட்டும் ஓங்கியது, ஈ இரண்டிலும் ஒடுங்கியது. மொத்தம் ம.

முதல் பண்பு 3:1 தானா: (அ + ஆ − 3இ − 3ஈ)² ÷ 3ம
இரண்டாம் பண்பு 3:1 தானா: (அ + இ − 3ஆ − 3ஈ)² ÷ 3ம
பிணைப்பு: (அ − 3ஆ − 3இ + 9ஈ)² ÷ 9ம

மூன்றுக்கும் கட்டின்மைக் கூறு ஒவ்வொன்று, எல்லை 3.841. மூன்றையும் கூட்டினால் மொத்தக் கை வர்க்கம் அப்படியே வர வேண்டும். வராவிட்டால் கூட்டல் கழித்தலில் எங்கோ பிசகு. மெண்டலின் எண்களுக்கு 0.345, 0.010, 0.115 வரும். கூட்டினால் 0.470.

இப்போது மரபியலாளர்கள் பேட்சன், சாண்டர்ஸ், பன்னெட் மூவரும் இனிப்புப் பட்டாணியில் எண்ணியதைப் பாருங்கள். ஊதாப் பூ, நீள மகரந்தம் 4831. ஊதா, உருண்டை 390. சிவப்பு, நீளம் 393. சிவப்பு, உருண்டை 1338. மொத்தம் 6952. 9:3:3:1-க்கு எதிராகக் கை வர்க்கம் ஏறத்தாழ 3371.6. பிரித்தால் பூ நிறத்துக்கு 0.04, மகரந்த வடிவத்துக்கு 0.08, மிச்சம் முழுதும், அதாவது 3371.5, பிணைப்புக்கு. தனித்தனியே பார்த்தால் இரண்டு பண்பும் 3:1-இல் இருந்து இம்மியும் நகரவில்லை. சேரும்போதுதான் கோளாறு. பிணைப்பு என்றால் இப்படி இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நெல் எஃப்2-இல் 480 செடி. முதல் பண்பு உயரம் (நெட்டை ஓங்கியது), இரண்டாவது நெல்மணி நுனியின் ஊதா நிறம் (நிறம் ஓங்கியது). வந்தவை 302, 98, 62, 18. எதிர்பார்த்தவை 270, 90, 90, 30. மொத்தக் கை வர்க்கம் 18.0. எல்லையை நன்றாகவே தாண்டிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உயரத்துக்கு 17.78, நுனி நிறத்துக்கு 0.18, பிணைப்புக்கு 0.06. பிணைப்பு இங்கே கிடையவே கிடையாது. நெட்டை 400, குட்டை 80. நாற்றங்காலில் நெட்டை நாற்றின் நிழலில் குட்டை நாற்று நசிந்திருக்கும், அல்லது நாற்றுப் பிடுங்கியவர்கள் சவலை என்று ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். தேட வேண்டிய இடம் நாற்றங்கால்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பண்பின் விகிதம் இப்படி உடைந்திருக்கும்போது மேலே சொன்ன பிணைப்புச் சூத்திரமும் சற்றுத் தள்ளாடும், ஏனென்றால் அது இரண்டு பண்பும் 3:1 என்று நம்பிக்கொண்டு கட்டப்பட்டது. அப்போது விகிதம் எதையும் கருதாத இரண்டுக்கு இரண்டு அட்டவணைச் சோதனையைப் போடுங்கள்: ம × (அ×ஈ − ஆ×இ)² ÷ (இரண்டு வரிசை மொத்தம், இரண்டு பத்தி மொத்தம் நான்கின் பெருக்கல்). மேலே உள்ள எண்களுக்கு 0.15 வரும். முடிவு மாறவில்லை.

சோதனைக் கலப்பில் எப்படி?

கலப்புயிரியை இரண்டு பண்பிலும் ஒடுங்கிய வகையோடு கலப்பதுதான் சோதனைக் கலப்பு. அங்கே வேலை சுலபம். எதிர்பார்ப்பு 1:1:1:1, பிணைப்புச் சூத்திரம் (அ − ஆ − இ + ஈ)² ÷ ம. பழ ஈயில் பிரபலமான கணக்கு: சாம்பல் உடல், இயல்பான இறகு 965. கருப்பு உடல், குறை இறகு 944. சாம்பல், குறை இறகு 206. கருப்பு, இயல்பான இறகு 185. மொத்தம் 2300. உடல் நிறம் 1171:1129, கை வர்க்கம் 0.77. இறகு 1150:1150, பூச்சியம். பிணைப்புக்கு ஏறத்தாழ 1002.

புதுச் சேர்க்கை 206 + 185 = 391. 2300-இல் அது 17.0 சதவீதம். எனவே தூரம் 17 சென்டிமார்கன் (ஏறத்தாழ, ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமார்கன்). இந்த 17-க்கும் ஒரு பிழை எல்லை உண்டு. வி(1 − வி) ÷ ம என்பதன் வர்க்கமூலம் திட்டப் பிழை. வி என்பது மறுசேர்க்கை விகிதம், அதாவது மொத்தத்தில் புதுச் சேர்க்கைகளின் பங்கு. இங்கே 0.8 சதவீதம். இதே 17 சதவீதத்தை 100 ஈக்களில் கண்டிருந்தால் திட்டப் பிழை 3.8. அப்போது உண்மையான தூரம் 10 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். பிழை எல்லை போடாமல் தூரத்தை மட்டும் எழுதும் வரைபடத்தை நம்பாதீர்கள்.

இந்தக் கலப்பில் கலப்புயிரி பெண்ணாக இருக்க வேண்டும். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. ஆணைக் கலப்புயிரியாக வைத்தால் 391-க்குப் பதில் பூச்சியம் வரும், முழுப் பிணைப்பு என்று தப்பாக எழுத நேரும். பட்டுப்பூச்சியில் தலைகீழ், அங்கே பெண்ணில்தான் குறுக்கேற்றம் இல்லை.

மறுசேர்க்கை 50 சதவீதத்துக்கு மேல் வருகிறதே?

ம சிறிதாக இருந்தால் 52, 54 வருவது தற்செயல். கணிசமாகத் தாண்டினால், பெற்றோர் வகை எது, புதுவகை எது என்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அதிகம் வந்த இரண்டு வகைகளே பெற்றோர் சேர்க்கை. நோட்டில் எழுதியிருப்பது வேறாக இருந்தால் நோட்டைச் சந்தேகியுங்கள்.

மறுசேர்க்கை சதவீதமும் வரைபடத் தூரமும் ஒன்றுதானா?

10 சதவீதம் வரை ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், இரட்டைக் குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று மறைத்துவிடுவதால், சதவீதம் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைச் சரிசெய்ய இரண்டு சூத்திரங்கள் பெரிதும் புழங்குகின்றன. ஒன்று ஹால்டேன் 1919-இல் தந்தது. மற்றது நம் நாட்டுக் கணித அறிஞர் டி.டி. கோசாம்பி 1944-இல் தந்தது. ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்று நிகழாமல் தடுக்கும் என்பதை ஹால்டேன் கணக்கில் எடுக்கவில்லை, கோசாம்பி எடுத்தார். 30 சதவீத மறுசேர்க்கைக்கு ஹால்டேன் 45.8 சென்டிமார்கன் தருவார், கோசாம்பி 34.7 தருவார். பயிர் வரைபட மென்பொருள்களில் இரண்டும் இருக்கும். எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் வரைபடத்தை வேறொருவர் வரைபடத்தோடு ஒப்பிட முடியாது.

நெல்லில் சோதனைக் கலப்பு ஏன் யாரும் செய்வதில்லை? எஃப்2-இல் இருந்தே தூரம் கண்டுபிடிக்க முடியுமா?

நெல்லில் ஒரு பூவுக்கு ஒரு மணிதான். ஒவ்வொரு பூவையும் கையால் மலடாக்கி மகரந்தம் தூவ வேண்டும். முந்நூறு சோதனைக் கலப்பு மணிகள் சேர்ப்பதற்குள் இடுப்பு போய்விடும். எஃப்1 செடியைத் தானாகச் சூல்கொள்ள விட்டால் ஒரே செடியில் நூற்றுக்கணக்கில் எஃப்2 விதை கிடைக்கும்.

எஃப்2 கணக்கு கொஞ்சம் நீளம், ஆனால் கடினமில்லை. பெற்றோரில் ஒன்று இரண்டிலும் ஓங்கியது, மற்றது இரண்டிலும் ஒடுங்கியது என்றால் (இணைவு நிலை), த = (1 − வி)² என்று வைத்துக்கொண்டு இந்தச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்:

ம×த² − (அ − 2ஆ − 2இ − ஈ)×த − 2ஈ = 0

இனிப்புப் பட்டாணி எண்களைப் போட்டால் 6952த² − 1927த − 2676 = 0. த = 0.774. அதன் வர்க்கமூலம் 0.880. ஆக வி = 0.12, தூரம் 12 சென்டிமார்கன்.

பெற்றோர் ஒவ்வொன்றிலும் ஒரு பண்பு ஓங்கி ஒன்று ஒடுங்கியிருந்தால் (விலகல் நிலை) சமன்பாடு அதேதான், த மட்டும் வி² ஆகிவிடும். ஆனால் அந்த வழியில் போகாமல் இருப்பது நல்லது. 10 சதவீத மறுசேர்க்கை உள்ள இரண்டு மரபணுக்களுக்கு, இணைவு நிலையில் இரட்டை ஒடுங்கிய செடி 100-க்கு 20 வரும். விலகல் நிலையில் 400-க்கு ஒன்று. அந்த ஒன்று வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் தூரம் எங்கெங்கோ ஓடும். பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் இணைவு நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

எத்தனை செடி வேண்டும்?

எதைக் கண்டுபிடிக்க என்பதைப் பொறுத்தது. ஒரு வகை ஒன்றாவது கண்ணில் பட 95 சதவீத வாய்ப்பு வேண்டும் என்றால், 4-இல் 1 வரும் வகைக்கு 11 செடி, 16-இல் 1 வரும் வகைக்கு 47, 64-இல் 1 வரும் வகைக்கு 191, மேலே சொன்ன 400-இல் ஒன்றுக்கு 1197. இது கண்ணில் படுவதற்கு மட்டும். விகிதத்தைச் சோதிக்க, மிகச் சிறிய வகையிலும் எதிர்பார்க்கும் எண் 5-க்குக் குறையக் கூடாது என்பது பழக்க விதி. 9:3:3:1-க்கு அது 80 செடி. 80 என்பது தரைமட்டம். நாங்கள் 200-க்குக் கீழே ஒப்புக்கொள்வதில்லை.

5-க்குக் குறைந்துவிட்டால் அடுத்த வகையோடு சேர்த்து எண்ணி, கட்டின்மைக் கூறில் ஒன்றைக் குறைக்கவும். இரண்டே வகை இருந்து எண்ணிக்கையும் சிறிதென்றால் வித்தியாசத்தில் 0.5 கழிக்கும் யேட்ஸ் திருத்தம் உண்டு. நூற்றுக்கணக்கில் எண்ணிய தரவுக்கு அது தேவைப்படாது.

நெல்லில் செய்து பார்க்க ஆசை. எங்கெல்லாம் தவறும்?

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி நம் ஊரில் அடிக்கடி வரும். அம்பை 16 நெல்லின் பெயரில் இருக்கும் அம்பை அந்த ஊர்தான். வழக்கமான கால ஓட்டம்: பிசானப் பருவத்தில் கலப்பு, அடுத்த கார் பருவத்தில் எஃப்1, அதற்கடுத்த பிசானத்தில் எஃப்2. பெற்றோரில் ஒன்று பகல் நீளத்துக்கு அசையும் பழைய ரகம் என்றால் காரில் பூப்பது தள்ளிப்போகும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலப்பு: கதிர் உறையிலிருந்து பாதிக்கு மேல் வந்ததும், மாலையில், மறுநாள் பூக்கவிருக்கும் பூக்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நறுக்கிவிடுங்கள். விட்டவற்றின் நுனியை மூன்றில் ஒரு பங்கு சாய்வாகக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் நுண்ணிடுக்கியால் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் உறை மாட்டுங்கள். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் தந்தைக் கதிரை உறைக்குள் உதறுங்கள். ஆறில் ஒரு பை தங்கிவிட்டாலும் அந்த மணி தன்மகரந்தத்தில் விளைந்ததாக இருக்கலாம். ஒடுங்கிய பண்புள்ள ரகத்தைத் தாயாக வைத்தால் இந்தக் களவு எஃப்1-லேயே பிடிபடும். ஓங்கிய பண்பு காட்டாத எஃப்1 செடி கலப்பே அல்ல, பிடுங்கிப் போடுங்கள்.

நடவு: குத்துக்கு ஒற்றை நாற்று. நம் பக்கத்தில் நடவு ஆட்கள் கைப்பழக்கத்தில் இரண்டு மூன்று நாற்றை வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒரு குத்தில் ஓங்கியதும் ஒடுங்கியதும் கலந்து, பார்க்கிறவர் ஓங்கியது என்றே எழுதுவார். ஒடுங்கிய வகை குறையும், காரணம் புரியாது. நடவன்று வரப்பில் நீங்களே நிற்க வேண்டும். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். போன பூவில் (போன சாகுபடியில்) உதிர்ந்த நெல் முளைத்துக் கிடக்கும் வயல் ஆகாது. வரிசையில் நடாமல் விட்டால் அந்த முளைப்பை அடையாளம் காணவே முடியாது.

எண்ணுவது: இலை நிறம் போல நாற்றிலேயே தெரியும் பண்பை நாற்றங்காலிலேயே எண்ணிவிடுங்கள். எத்தனை விதைத்தோம், எத்தனை முளைத்தது என்ற இரண்டு எண்களும் நோட்டில் இருக்கட்டும். முளைக்காத விதைகள் எல்லாம் ஒரே வகையாக இருந்திருந்தால் விகிதம் அங்கேயே கெட்டுவிட்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் விழும் பள்ளம் அரிசியின் சிவப்பு. அரிசிக்கு மேலிருக்கும் தவிட்டுத் தோல் தாய்ச் செடியின் திசு. எஃப்1 செடியில் விளைந்த எஃப்2 விதைகள் அத்தனையும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். அதில் 3:1 தேடினால் கிடைக்காது. எஃப்2 செடிகளை வளர்த்து, ஒவ்வொரு செடியின் அரிசியையும் உமி நீக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்து கருவூண் திசுவில் இருக்கிறது. ஒட்டும் அரிசி வகையைக் கலந்தால் அந்தப் பண்பு எஃப்1 செடியின் மணிகளிலேயே 3:1 ஆகப் பிரிந்து தெரியும். அயோடின் கரைசல் ஒட்டாத மணியைக் கருநீலமாக்கும், ஒட்டும் மணியைச் செம்பழுப்பாக்கும். எஃப்1 செடியின் மகரந்தத்தையே சாயமேற்றினால் 1:1 தெரியும். ஒரே கண்ணாடித் துண்டில் சில நூறு எண்ணிவிடலாம். கல்லூரி ஆய்வகத்துக்கு இதைவிட மலிவான விகிதச் சோதனை இல்லை. சில கலப்புகளில் இந்த விகிதம் 3:1-ஐ விட்டு விலகும். ஒட்டும் தன்மை மரபணு இருக்கும் அதே ஆறாம் குரோமோசோமில், மகரந்தங்களின் போட்டியில் சார்பு காட்டும் வேறொரு மரபணு இருப்பது ஒரு காரணம்.

கருங்கண்ணிப் பருத்தியையும் அமெரிக்கப் பருத்தியையும் கலந்து விகிதம் பார்க்கலாமா?

முடியாது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. பிறக்கும் 39 குரோமோசோம் செடி மலடு. கருங்கண்ணியைக் கருங்கண்ணியோடு கலந்து பாருங்கள்.

3:1-ஆ, 9:7-ஆ, 13:3-ஆ என்று எப்படித் தீர்மானிப்பது?

9:7-உம் 13:3-உம் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரே பண்பைத் தீர்மானிக்கும்போது வருபவை. 160 செடியில் 100:60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3:1-க்கு எதிராக 13.33, 9:7-க்கு எதிராக 2.54. முதலாவது போயிற்று, இரண்டாவது நிற்கிறது. ஆனால் 126:34 வந்தால்? 3:1-க்கு 1.20, 13:3-க்கு 0.66. இரண்டுமே பொருந்தும். குறைந்த எண் வந்ததுதான் சரி என்று எழுதுவதைப் பார்க்கிறோம். அதற்கு எந்த நியாயமும் இல்லை. எஃப்3-க்குப் போங்கள். சிறுபான்மை வகைச் செடிகளின் விதையைத் தனித்தனியாக விதையுங்கள். 3:1 என்றால் அந்த வகை ஒடுங்கியது, எல்லாக் குடும்பமும் தூய்மையாக வரும். 13:3 என்றால் அந்த வகையில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களில் பிரிவு தெரியும். பத்துப் பன்னிரண்டு குடும்பம் போதும், கை வர்க்கமே தேவைப்படாது.

மும்முனைச் சோதனைக் கலப்பில் எது நடுவில் என்று எப்படித் தெரியும்?

மக்காச்சோளத்தின் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள மணி நிறம், சுருங்கிய மணி, மெழுகு மணி ஆகிய மூன்றையும் வைத்து மொத்தம் 6708 மணிகள் எண்ணிய கணக்கு பாடநூல்களில் உண்டு. எட்டு வகைகள்: 2708, 2538 (பெற்றோர்), 626, 601, 113, 116, கடைசியாக 4, 2. மிகக் குறைந்த 4-உம் 2-உம்தான் இரட்டைக் குறுக்கேற்றம். பெற்றோரோடு ஒப்பிட்டால் அவற்றில் சுருங்கிய மணி மரபணு மட்டும் இடம் மாறியிருக்கும். இடம் மாறியது எதுவோ அதுதான் நடு.

சுருக்கம்–மெழுகு தூரம்: (626 + 601 + 6) ÷ 6708 = 18.4. நிறம்–சுருக்கம்: (113 + 116 + 6) ÷ 6708 = 3.5. அந்த 6-ஐ இரண்டு பக்கமும் சேர்க்க மறப்பதுதான் தேர்வில் மதிப்பெண் போகும் இடம். தடை ஏதும் இல்லாவிட்டால் இரட்டைக் குறுக்கேற்றம் 0.184 × 0.035 × 6708, ஏறத்தாழ 43 வந்திருக்க வேண்டும். வந்தது 6. ஒப்புமைக் கெழு (வந்தது ÷ எதிர்பார்த்தது) 0.14, குறுக்கீடு (1-இலிருந்து அதைக் கழித்தது) 0.86.

தேரிக்காட்டில் ஆண் பனையும் பெண் பனையும் சரிபாதியா என்று சோதிக்கலாமா?

நல்ல பயிற்சி, செலவில்லாதது. பாளை விட்ட மரங்களை மட்டும் எண்ணுங்கள். அலகு (ஆண் பனை) எத்தனை, பருவம் (பெண் பனை) எத்தனை என்று பனையேறிகளைக் கேட்டால் நின்ற இடத்திலிருந்தே சொல்வார்கள். இளம் பனையான வடலியைச் சேர்க்காதீர்கள், அது ஆணா பெண்ணா என்று தெரியாது. 200 மரத்தில் 88:112 என்று வைத்தால் கை வர்க்கம் 2.88. எல்லை 3.841, எனவே 1:1-ஐத் தள்ள முடியாது. தள்ளும்படி வந்தாலும் உடனே மரபியலுக்குப் போகாதீர்கள். அந்த விளையில் எந்தப் பாலை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

குடும்பங்களில் நோய் வருவதை இதே முறையில் 3:1 என்று சோதிக்கலாமா?

நேரடியாகக் கூடாது. நோயுள்ள குழந்தை இருப்பதால்தான் அந்தக் குடும்பம் உங்கள் கண்ணில் பட்டது. பெற்றோர் இருவரும் மறைவாகத் தாங்கியிருந்தும் எல்லாக் குழந்தையும் நலமாகப் பிறந்த வீடுகள் உங்கள் பட்டியலில் இல்லை. இரண்டு குழந்தைக் குடும்பங்களை இப்படிச் சேர்த்தால், நோயுள்ளவர் பங்கு 25 சதவீதம் அல்ல, 57 சதவீதமாகத் தெரியும். மூன்று குழந்தை என்றால் 43. சூத்திரம்: 0.25 ÷ (1 − 0.75-இன் குழந்தை எண்ணிக்கை அடுக்கு).

மாமன் மகள், அக்காள் மகள் திருமணத்தில் கூடும் அபாயத்துக்கும் பிணைப்புக்கும் தொடர்பு இல்லை. ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணுப் பிரதி இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு அது; அந்தப் பிரதி ஒடுங்கிய நோய் மரபணுவாக இருந்தால்தான் அபாயம். மாமன் மகள், அத்தை மகள் உறவில் பிறக்கும் குழந்தைக்கு 16-இல் 1, தாய்மாமனை மணந்தவர் குழந்தைக்கு 8-இல் 1.

விகிதம் மிகச் சரியாக வந்தால் சந்தோஷப்படலாமா?

ஒருமுறை வந்தால் வரட்டும். ஒவ்வொரு முறையும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் மெண்டலின் எல்லாத் தரவையும் கூட்டிச் சோதித்தார். கட்டின்மைக் கூறு 84-க்குக் கை வர்க்கம் 41.6 மட்டுமே. தற்செயல் மட்டும் வேலை செய்திருந்தால் இதைவிட மோசமான பொருத்தம் வரும் வாய்ப்பு 0.99993. விவாதம் இன்றும் ஓடுகிறது. மாணவர் நோட்டுகளில் 75:25, 150:50 என்று வரிசையாக வந்தால் எங்களுக்கு அந்த விவாதம் தேவைப்படுவதில்லை.

எக்செலில் போட்டால் போதாதா?

போதும், ஒரு நிபந்தனையோடு. கண்டறிந்த எண்ணையும் எதிர்பார்த்த எண்ணையும் கொடுத்தால் அது நிகழ்தகவைத் தந்துவிடும். கட்டின்மைக் கூறை வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அதுவே வைத்துக்கொள்கிறது. மறுசேர்க்கை விகிதத்தை அதே தரவிலிருந்து மதிப்பிட்டு, அதைக் கொண்டு எதிர்பார்ப்பைக் கணக்கிட்டிருந்தால், இன்னும் ஒன்று குறைய வேண்டும். எக்செலுக்கு அது தெரியாது. அந்த இடத்தில் கை வர்க்கத்தை மட்டும் அதில் கூட்டி எடுத்துக்கொண்டு, எல்லை எண்ணை அட்டவணையில் நீங்களே பாருங்கள்: நான்கு வகை, ஒரு மதிப்பீடு என்றால் கட்டின்மைக் கூறு 2, எல்லை 5.991.